தெளிவு கடந்த காதல்: த்ரூஃபோவின் ‘அதேல் எச். கதை’



காதலைப் பாடாத கவிஞர் இலர். அவருள்ளும் கைகூடிய காதலைப் பாடியவர் சிலர். கைகூடாக் காதலைப் பாடியவரே பலர். மறுக்கப்பட்ட பின்னும் மாறாத காதலே உயர்ந்தது என்பதும், மறந்துவிட்ட காதல் காதலே அன்று என்பதும் கவியரங்குகளில் எழுதப்படாத சட்டங்களாக நிலவுகின்றன. ‘உன்னையன்றி உயிர் வாழேன்’ என்று எழுதுவது எளிது. கைதட்டல் அடங்கியதும் கவிஞர் இல்லம் திரும்பி உணவருந்தி உறங்கிவிடுகிறார். எழுதியதை எழுத்துப் பிசகாமல் வாழ்ந்து பார்த்தால் என்ன ஆகும்?

அவ்வாறு வாழ்ந்து பார்த்தவள் ஒருத்தி உண்டு. அவள் கற்பனைத் தலைவி அல்லள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதையின் மாமலையாக விளங்கிய விக்டர் ஹியூகோவின் இளைய மகள். அவள் வரலாற்றைப் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1975ஆம் ஆண்டில் ‘அதேல் எச். கதை’ என்னும் திரைப்படமாக ஆக்கினார். கவிஞர்கள் கூடும் அவையில் திரைப்படம் ஒன்றைப் பொருளாகக் கொள்வது ஏன் என்னும் ஐயம் எழலாம். இது கவிஞரின் மகளைப் பற்றிய படம். சொல்லின் ஆற்றலைப் பற்றியும் சொல் விளைக்கும் அழிவைப் பற்றியும் பேசும் படம். கவிஞர்கள் காண வேண்டிய படம் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

1. வரலாற்றுப் பின்னணி

தமிழர்க்கு ஹியூகோ அயலவர் அல்லர். கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் தமிழாக்கிய நெடுங்கதை ஹியூகோவுடையதே. அது 1950ஆம் ஆண்டில் நாகையா நடிப்பில் தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த அப்பெருங்கவிஞரின் இல்லத்திலேயே யாரும் முழுமையாக அறியாத ஒரு துயரம் வளர்ந்துகொண்டிருந்தது.

ஹியூகோவுக்கு மகளிர் இருவர். மூத்தவள் லெயோபோல்தீன், தந்தையின் உயிருக்கு உயிரானவள். 1843ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவளுக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் வில்லெக்கியே என்னுமிடத்தில் சேன் ஆற்றில் படகு கவிழ்ந்து அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு அகவை 19. காப்பாற்ற முயன்ற கணவனும் உடன் மாண்டான். ஹியூகோவின் துயரம் பின்னர்க் கவிதைகளாகப் பெருகி, 1856இல் வெளிவந்த தொகுப்பொன்றில் நிலைபேறு அடைந்தது. பிரெஞ்சு மொழியின் சிறந்த இரங்கற்பாக்களுள் அவை வைத்து எண்ணப்படுகின்றன.

இளையவள் அதேல் 1830ஆம் ஆண்டு பிறந்தவள். அக்காள் இறந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி. 1851ஆம் ஆண்டு டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதை எதிர்த்த ஹியூகோ நாடு துறந்தார். பிரஸ்ஸல்ஸ் நகர், பின் ஜெர்சித் தீவு, 1855 முதல் கெர்ன்சித் தீவு என அந்த வாழ்வு நீண்டது. தந்தைக்கு அது கவிதை பெருகிய காலம். இளமை கழிந்துகொண்டிருந்த மகளுக்கோ அது கடல் சூழ்ந்த சிறை. அச்சிறையில்தான் ஆல்பர்ட் பின்சன் என்னும் ஆங்கிலப் படைத்துறை அலுவலனை அவள் கண்டாள். முதலில் அவன் விரும்பினான் என்பதும் பின்னர் அவன் விலகினான் என்பதும் படம் தரும் செய்திகள். 1863ஆம் ஆண்டு, தன் முப்பத்துமூன்றாம் வயதில், வீட்டாரிடம் உண்மையை மறைத்துவிட்டு, பின்சனின் படைப்பிரிவு தங்கியிருந்த கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திற்கு அதேல் தன்னந்தனியே அட்லாண்டிக் கடலைக் கடந்தாள். திரைப்படம் இங்குத் தொடங்குகிறது.

இவ்வரலாறு வெளிப்பட்டதும் ஒரு பெண்ணின் உழைப்பால்தான். அதேல் பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினாள். அதன் சில பகுதிகளைப் பிறர் அறியாவண்ணம் மறைமொழியில் எழுதினாள். அமெரிக்கப் பேராசிரியை பிரான்செஸ் வெர்னர் கில் அம்மறைமொழியை விடுவித்துப் பதிப்பித்தார். முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. த்ரூஃபோவின் படத்திற்கு அப்பதிப்பே மூலம். ஹியூகோவின் வழித்தோன்றலான ழான் ஹியூகோ, விக்டர் ஹியூகோவைத் திரையில் உருவமாகக் காட்டலாகாது என்னும் கட்டுப்பாட்டின்பேரில் படத்திற்கு இசைவு தந்தார். அந்தக் கட்டுப்பாடே படத்திற்கு வாய்த்த பெரும்பேறு ஆயிற்று. தந்தை கடிதங்களாக வருகிறார், பணவிடைகளாக வருகிறார், பிறர் வாய்ச் சொல்லாக வருகிறார், ஆளாக வருவதே இல்லை. காணப்படாத ஒருவர் படம் முழுவதையும் ஆள்கிறார்.

2. படம் காட்டும் நிகழ்ச்சிகள்

ஹாலிஃபாக்ஸில் அதேல் ‘மிஸ் லூலி’ என்னும் பொய்ப்பெயருடன் சாண்டர்ஸ் அம்மையாரின் இல்லத்தில் தங்குகிறாள். பின்சனைப் பற்றி விசாரிக்கும் இடந்தோறும் வேறுவேறு கதை சொல்கிறாள். வழக்கறிஞரிடம் தன் உடன்பிறந்தார் மகளுக்காக விசாரிப்பதாகக் கூறுகிறாள். தங்கியுள்ள வீட்டில் அவன் தன் உறவினன் என்கிறாள். பொய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பார்ப்பவர்க்கு அவள்மேல் வெறுப்புத் தோன்றுவதில்லை. பொய் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒளி பரவுவதையே காண்கிறோம். சொல்லும் அந்நேரத்துக்கேனும் அப்பொய் அவளுக்கு மெய்யாகிறது.

பின்சன் வருகிறான், மணக்க இயலாது என்று கூறிச் செல்கிறான். அவ்விடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். படமோ அவ்விடத்திலிருந்துதான் வளர்கிறது. அவன் சூதாட்டக் கடன்களை அடைக்கப் பணம் தருகிறாள். அவன் வேறொரு பெண்ணுடன் இருப்பதை இருளில் மறைந்து நின்று காண்கிறாள். அவனுக்குப் பரிசாக விலைமகள் ஒருத்தியைத் தானே பணம் கொடுத்து அனுப்புகிறாள். மனத்தைக் கட்டும் வித்தை அறிந்ததாகக் கூறும் ஒருவனை நாடி, பின்சனை மணவறைக்குக் கொண்டுவர இயலுமா என்று கேட்கிறாள். அவன் போலி என்பது தெரிகிறது. அறையில் பின்சனின் படத்தை வைத்து, மெழுகுத்திரி ஏற்றி, பூச்சூட்டி வழிபடுகிறாள்.

வீட்டிற்கோ ‘திருமணம் நிகழ்ந்துவிட்டது’ என்று எழுதுகிறாள். நம்பிய தந்தை கெர்ன்சிச் செய்தித்தாளில் திருமண அறிவிப்பு வெளியிடுகிறார். நிகழாத திருமணம் அச்சேறிவிடுகிறது. அச்சேறியதால் பின்சன் தன் மேலதிகாரியின்முன் விளக்கம் தர நேர்கிறது. பின்னர் அவனுக்கு நீதிபதி ஒருவரின் மகளுடன் திருமணம் உறுதியாகிறது. அதேல் அந்நீதிபதியிடம் சென்று தான் அவன் மனைவி என்றும் கருவுற்றிருப்பதாகவும் கூறுகிறாள். அத்திருமணம் முறிகிறது.

இவ்வளவையும் த்ரூஃபோ உரத்த குரலில் சொல்லவில்லை. நெஸ்டர் அல்மெந்த்ரோசின் ஒளிப்பதிவில் அறைகள் விளக்கொளியில் மங்கிக் கிடக்கின்றன. சுவரின் இருளிலிருந்து முகம் மட்டும் மேலெழுகிறது. இசையோ 1940ஆம் ஆண்டுப் போரில் மாண்ட மொரீஸ் ழோபேருடையது. அவர் முன்னரே அமைத்து வைத்த இசையைத் த்ரூஃபோ இப்படத்திற்கு எடுத்தாண்டார். இறந்தவரின் இசை, இறந்த அக்காளின் நினைவில் மூழ்கும் தங்கையின் கதைக்குத் துணையாக அமைந்தது. அதேலாக நடித்த இசபெல் அஜானி அப்போது இருபது வயதையும் எட்டாதவர். புகழ்பெற்ற கொமெடி பிரான்சேஸ் நாடக மன்றத்தை விட்டு இப்படத்திற்காக விலகி வந்தவர். முப்பத்துமூன்று வயதுப் பெண்ணின் கதையில் இவ்வளவு இளையவரை நடிக்கவைத்தது வரலாற்றுக்குப் பொருந்தாது எனலாம். ஆனால் அகவையில் வளர்ந்தும் அகத்தில் பதின்மூன்றாம் வயதிலேயே நின்றுபோன ஒருத்தியைக் காட்ட அவ்விளமை துணைசெய்கிறது. அந்நடிப்பிற்காக அமெரிக்க ஆஸ்கார் விருதுக்கு அஜானியின் பெயர் முன்மொழியப்பட்டது. பின்னாளில் 1988இல் ‘கமீல் குளோதெல்’ படத்தில் கவிஞர் போல் குளோதெலின் தமக்கையாகிய சிற்பியின் வேடத்தையும் அவரே ஏற்றார். புகழ்பெற்ற கவிஞரின் நிழலில் மறைந்த மற்றொரு பெண்ணின் கதை அது.

3. பெயரும் தாளும்

படத்தின் தலைப்பை மீண்டும் நோக்குதல் வேண்டும். ‘அதேல் ஹியூகோ கதை’ என்று அது இல்லை, ‘அதேல் எச்.’ என்று நிற்கிறது. குடும்பப் பெயர் ஓரெழுத்தாகக் குறுகிவிட்டது. அப்பெயரைத் தாங்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தவிப்பதே அதேலின் நோய்க்கு வேர் என்பது த்ரூஃபோவின் துணிபு.

வங்கியில் சிறுவன் ஒருவன் அவள் பெயரைக் கேட்கிறான். ‘லெயோபோல்தீன்’ என்கிறாள். பின்னர் அவனிடம் திரும்பி வந்து, தன் உண்மைப் பெயர் அதேல் என்று திருத்துகிறாள். பொய்யையே உணவாக உண்டு வாழ்பவள், சின்னஞ்சிறு பிள்ளையிடம் மட்டும் பொய்யைத் திரும்பப் பெறுகிறாள். வேறொரு காட்சியில் தந்தையின் பெயரைத் தூசி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டுகிறாள். வேண்டும்போது அப்பெயரைப் படைக்கலமாக ஏந்துகிறாள். பிறர் அறிந்துவிட்டாலோ சீறுகிறாள். புத்தகக் கடைக்காரர் அவள்பால் அன்புடையவர். பேசக் கூசும் இயல்பினர். அவர் ஹியூகோவின் ‘ஏழை படும் பாடு’ நூலை அவளுக்குப் பரிசளிக்கிறார். நூலைக் கண்டதும் அதேல் கொதித்தெழுகிறாள். தான் யாரென்பது தெரிந்துவிட்டது என்னும் சினம் அது. அன்பு தானாகத் தேடி வந்த ஒரே இடத்தில் அவள் அதை அன்பென்று அறியவில்லை. தந்தையின் பெயர் இடையில் நின்று மறைத்துவிட்டது.

இரவுகளில் அவள் கனவு காண்கிறாள். நீரில் மூழ்கும் பெண்ணுருவம் திரையில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. மூழ்குபவள் அக்காள். மூச்சுத் திணறி எழுபவள் தங்கை. இறந்த மகளுக்குக் கவிதை கிடைத்தது. இருக்கும் மகளுக்குப் பணவிடை கிடைத்தது என்று த்ரூஃபோ சொல்லாமல் சொல்கிறார். இதனால் ஹியூகோ அன்பில்லாத தந்தை என்பது பொருளன்று. மகளின் விருப்பத்திற்கு அவர் இசைவு எழுதி அனுப்புகிறார். திரும்பி வருமாறு வேண்டுகிறார். ஆயினும் அவர் அன்பு அவளை எட்டும் வடிவத்தில் இல்லை. காதலாலும் இழப்பாலும் மட்டுமே ஒருத்தி பாடல் பெறுவாள் என்று அவ்வீட்டில் வளர்ந்த ஒரு பெண் கற்றிருப்பாளாயின், அக்கல்வியை யார்மீது குற்றமாகச் சுமத்துவது?

ஆகவே அவள் எழுதுகிறாள். புத்தகக் கடையில் அவள் வாங்குவது பெரும்பாலும் வெள்ளைத் தாள். கட்டுக்கட்டாக வாங்குகிறாள். உணவு குறைகிறது, உடை கிழிகிறது, தாள் மட்டும் குறைவதில்லை. காதலியின் கண்ணீரைக் காட்டும் படங்கள் பல. காதலியின் கையில் மையையும் தாளையும் இப்படி இடைவிடாது காட்டிய படம் அரிது. பின்சன் அருகில் இருக்கும் காட்சிகள் சிலவே. அவனைப் பற்றி அவள் எழுதும் காட்சிகளே மிகுதி. படம் வளர வளர ஓர் உண்மை தெளிகிறது. பின்சன் வேண்டும் என்பதற்காக அவள் எழுதவில்லை. எழுத்து நிற்காதிருக்கப் பின்சன் வேண்டும். மறுத்துக்கொண்டே இருக்கும் ஒருவன் அதற்கு மிகவும் பொருத்தமானவன். ஏற்றுக்கொண்டால் எழுத்து நின்றுவிடும்.

4. தமிழ் மரபு தரும் அளவுகோல்

இந்நிலையைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பொருளிலக்கணம் கூரிய கருவி ஒன்றைத் தருகிறது. அன்பின் ஐந்திணைக்கு முன்னே கைக்கிளையையும் பின்னே பெருந்திணையையும் தொல்காப்பியர் வைத்தார். இரண்டும் புறந்தள்ளப்பட்டவை என்று கொண்டு விரைந்து கடந்துவிடுவது பாடம் நடத்துவோர் வழக்கம். ஆனால் கைக்கிளைக்கு ஆசிரியர் வகுத்த இலக்கணம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆடவன் ஒருவனை வைத்து அவர் பேசினாலும் அதன் உள்ளுறை இருபாலர்க்கும் பொதுவாகும். மறுமொழி பெறாதவன் தானே சொல்லித் தானே இன்புறுதல் என்பதே அது. இன்பம் அடைதலில் இல்லை, சொல்லுதலிலேயே இருக்கிறது என்பதைத் தொல்காப்பியர் கண்டு சொல்லிவிட்டார். ஹாலிஃபாக்ஸ் நகரின் குளிர்ந்த அறையில் அதேல் எழுதிக் குவித்த தாள்கள் அவ்விலக்கணத்திற்கு உரைபோல் அமைகின்றன.

பெருந்திணைக்கு உரிய நான்கனுள் தெளிவு நீங்கும் அளவுக்கு மிகுந்த காமமும், மிக்க காமத்தால் விளையும் வன்மையும் இடம்பெறுகின்றன. கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் இடைப்பட்ட எல்லை எது? சொல்லி இன்புறும் வரையில் அது கைக்கிளை; யாருக்கும் தீங்கில்லை. வராத மறுமொழியை வலிந்து பெறப் புகும்போது அது பெருந்திணை. அதேல் தன் அறையில் எழுதும்வரை கைக்கிளைத் தலைவி. நிகழாத திருமணத்தை அச்சேற்றியபோதும் நீதிபதியின் வாயிலை மிதித்தபோதும் அவள் எல்லையைக் கடந்துவிட்டாள்.

ஒருதலைக் காமத்தைப் பெண் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்பால் தம் வேட்கையைப் புறநானூற்றில் மூன்று பாடல்களாகத் தந்தவர் நக்கண்ணையார். அவரும் ‘பெருங்கோழிநாய்கன் மகள்’ என்று தந்தை பெயராலேயே சுட்டப்படுகிறார் என்பது எண்ணத்தக்கது. அவர் பாடல்களில் வேட்கை உண்டு. உடன் தாய்க்கும் அவைக்கும் அஞ்சும் அச்சமும் உண்டு. அந்த அச்சம் வேட்கைக்குக் கரையாக நின்றது. பாடல் மூன்றோடு நின்றது.

அலைந்து தேடிய பெண்களையும் தமிழ் அறியும். காவிரி வெள்ளம் கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடிக் கரையெல்லாம் அலைந்தவள் ஆதிமந்தி. அவளைப்போல் தாமும் பித்துற்று அலைய நேருமோ என வருந்தியவர் வெள்ளிவீதியார். அவ்வெள்ளிவீதியாரே அவ்வாறு அலைந்தார் என்பதை ஔவையார் பாட்டொன்று குறிக்கிறது. ஆயினும் வேறுபாடு உண்டு. ஆதிமந்தி தேடியது நீர் கொண்டுபோனவனை. அதேல் தேடியது ‘வேண்டா’ என்று சொல்லிச் சென்றவனை. இழப்பும் மறுப்பும் ஒன்றல்ல. கவிதையில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் மறுத்தவரைக் கொடியவர் என்றும், விடாது துரத்துபவரைத் தியாகி என்றும் பாடும் பிழை நேர்கிறது.

மடலேறுதலையும் இங்கே நினைவுகூரல் தகும். பெண்ணுக்கு மடலேறுதல் இல்லை என்று இலக்கணம் விலக்கியது. கடல்போலக் காமம் பெருகினும் மடலேறாமையே பெண்ணின் பெருமை என்று வள்ளுவரும் கூறினார். அவ்விலக்கை மீறித் தலைவியின் நிலையில் நின்று மடல் பாடியவர் திருமங்கையாழ்வார். அது இறைவனை நோக்கிய மடல். மடல் என்பது என்ன? தன்னைத் தானே வருத்திக்கொண்டு, ஊரறியச் செய்து, ஊரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி மறுத்தவர் இணங்கும்படி செய்யும் வற்புறுத்தல். ஆண் செய்தால் வழக்கு, பெண் செய்தால் பித்து என்று உலகம் பிரித்தது. அதேல் ஏறியதும் ஒரு மடலே. பனங்கருக்குக் குதிரைக்குப் பதிலாகச் செய்தித்தாள் அறிவிப்பு. அவள் பெண் என்பதற்காக அச்செயலைப் பித்து என்று தள்ளுதல் நேர்மையன்று. ஆண் என்பதற்காக மடலைக் காவியம் என்று கொண்டாடுதலும் நேர்மையன்று.

5. துரத்தப்பட்டவன்

பின்சனைப் பற்றியும் பேச வேண்டும். அவன் உயர்ந்த மனிதன் அல்லன். கடனாளி, பெண்களிடம் பொறுப்பற்றவன், அதேலின் பணத்தைப் பெற்றுக்கொண்டவன். அத்தகையவனுக்காக இப்படி உருகுகிறாளே என்று காண்போர் மனம் வெதும்புகிறது. ஆனால் த்ரூஃபோ அவனைக் கொடியவனாகத் தீட்டவில்லை. அவன் ‘இல்லை’ என்று சொல்கிறான்; மீண்டும் மீண்டும் சொல்கிறான். கேட்பவள் காதில் அது விழவில்லை. அவனுடைய பணி, நற்பெயர், திருமணம் எல்லாம் அவள் காதலால் குலைகின்றன. அவன் அற்பன் என்பதால் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டானா?

இவ்வினா எளியதன்று. ஒருதலைக் காதலை எழுதும்போது எழுதுபவர் பக்கமே உலகம் முழுவதும் சாய்ந்திருக்கும். மறுத்தவர் பக்கத்தில் கவிதை இல்லை. அவர்க்குச் சொல் இல்லை. இன்று மறுத்த பெண்ணின்மீது வன்மம் தீர்க்கும் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. அச்செயல்களைச் செய்வோர் கவிதை படித்துச் செய்தார்கள் என்று கூறுவது மிகை. ஆனால் ‘இல்லை’ என்னும் சொல்லுக்குப் பொருள் ‘இன்னும் முயல்க’ என்பதே என்று பாட்டாகவும் படமாகவும் மீண்டும் மீண்டும் கற்பித்துவந்த ஒரு சமூகம், தன் கையில் கறை இல்லை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அங்கே துரத்தியவள் பெண், இங்கே பெரும்பாலும் ஆண் என்பது உண்மை. அஞ்சி வாழ்வோர் யார் என்பதில் அவ்வேறுபாடு பெரிது. சொல் செவியேறாமையாகிய நோய் மட்டும் ஒன்றே.

6. பார்படோஸ் தெரு

படைப்பிரிவு மேற்கிந்தியத் தீவான பார்படோசுக்கு மாறுகிறது. அதேலும் பின்தொடர்கிறாள். இறுதிப் பகுதியில் அவள் கிழிந்த மேலாடை தரையில் புரள வெயில் தெருக்களில் நடக்கிறாள்; சிறுவர்கள் பின்னே ஓடி எள்ளுகின்றனர். பின்சன் இப்போது மணமானவன். அவள் அங்கிருப்பதை அறிந்து தானே தேடி வருகிறான். அவள் முன் நின்று பெயர் சொல்லி அழைக்கிறான். கடல் கடந்தும் ஆண்டுகளைக் கொடுத்தும் எதற்காகக் காத்திருந்தாளோ அக்கணம் வந்துவிட்டது. அவளோ அவனைக் கண்டும் காணாதவளாகக் கடந்து செல்கிறாள். அவன் யாரென்பது அவளுக்குத் தெரியவில்லை.

இக்காட்சிக்காகவே இப்படம் எடுக்கப்பட்டது எனலாம். பித்து அவள் நினைவை அழித்துவிட்டது என்று எளிதாகப் பொருள்கொள்ளலாம். நுணுகி நோக்கின் வேறொன்று தெரிகிறது. முன்னரே ஹாலிஃபாக்ஸ் தெருவில் வேறோர் அலுவலனைப் பின்சன் என்று கருதி அவள் தடுமாறிய காட்சி ஒன்று உண்டு. அவ்வலுவலனாக ஒரு நொடி தோன்றி மறைபவர் த்ரூஃபோவே. அன்று பின்சன் அல்லாதவனைப் பின்சன் என்று கண்டாள்; இன்று பின்சனைப் பின்சன் என்று காணவில்லை. இரண்டு காட்சிகளும் ஒன்றையே உரைக்கின்றன. அவள் காதலித்த ஆள் எந்தத் தெருவிலும் நடந்தவன் அல்லன். அவள் தாளில் மட்டும் வாழ்ந்தவன்.

அவளைக் காப்பாற்றியது காதலும் அன்று, தந்தையின் புகழும் அன்று. திருமதி பா என்னும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் தெருவில் கிடந்தவளை எடுத்து இல்லத்தில் வைத்துப் பேணினார். ஹியூகோவுக்குச் செய்தி அனுப்பச் செய்தார். 1872ஆம் ஆண்டில் அவளைப் பிரான்சுக்கு அழைத்து வந்து சேர்த்தார். படத்தில் அவர் வரும் நேரம் மிகக் குறைவு. ஆனால் மறுமொழியை எதிர்பாராத அன்பு என்று படத்தில் சுட்டத்தக்கது அவர் செயல் ஒன்றே. அவரைப் பற்றி யாரும் காவியம் எழுதவில்லை.

அதன்பின் நாற்பத்துமூன்று ஆண்டுகள் பாரிசை ஒட்டிய மனநல விடுதிகளில் அதேல் வாழ்ந்தாள். தோட்டம் பேணினாள், பியானோ வாசித்தாள். 1885இல் ஹியூகோ மறைந்தபோது இருபது இலட்சம் மக்கள் திரண்டனர் என்பர். 1915இல், உலகப்போரின் நடுவே, அதேல் இறந்தபோது உலகம் அதை ஏறத்தாழ அறியவே இல்லை. அச்செய்தியைக் கூறிய பின் படம் ஒரு முறை பின்னோக்கிச் செல்கிறது. கடலோரத்தில் நிற்கும் இளம் அதேல், ஒரு பெண் கடல்மீது நடந்து பழைய உலகிலிருந்து புதிய உலகிற்குத் தன் காதலனிடம் செல்லும் அரிய செயலைத் தான் செய்யப்போவதாகக் கூறுகிறாள். தன் நாட்குறிப்பில் அவள் எழுதிவைத்த கருத்து அது. எழுத்து அழகாக இருக்கிறது. ஹியூகோவின் மகள் எழுதியது என்று நம்பும்படி இருக்கிறது. அந்த அழகே அச்சமூட்டுகிறது.

7. கவிஞர்க்குரிய செய்தி

த்ரூஃபோ இப்பொருளை மீண்டும் நாடினார். 1978இல் வந்த ‘பச்சை அறை’ இறந்தோர் நினைவுக்கு அடிமையான ஒருவன் கதை. 1981இல் வந்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ கொலையிலும் தற்கொலையிலும் முடியும் காதல் கதை. ஆனால் ‘அதேல் எச். கதை’க்குத் தனி இடம் உண்டு. அதில் காதலர் இருவர் இல்லை, ஒருத்தியும் அவள் எழுத்துமே உள்ளனர்.

இப்படம் காதலை எழுதாதீர் என்று சொல்லவில்லை. அவ்வாறு சொல்வதாயின் சங்க இலக்கியத்தின் பெரும்பகுதியைக் கடலில் எறிய வேண்டும். அதேலை இழித்துரைக்கவும் இல்லை. அவளிடம் இருந்த துணிவில் பாதி வேறு வழியில் சென்றிருந்தால் அவள் தந்தை பெயரின்றியே அறியப்பட்டிருப்பாள் என்னும் ஏக்கத்தையே விட்டுச் செல்கிறது. அவள் நாட்குறிப்பு இன்று நூலாக நிற்கிறது. அதை எழுதியவளுக்கு அது உதவவில்லை.

கவிஞர் தம் பாட்டின் முன்னிலையில் நிற்கும் ‘நீ’ யார் என்று ஒரு முறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இப்படம் தரும் செய்தி. அந்த ‘நீ’க்கு முகம் உண்டா? ‘இல்லை’ என்று அது சொன்னால் பாட்டில் அச்சொல்லுக்கு இடம் உண்டா? அந்த ‘நீ’ நேரில் வந்து நின்றால், எழுதியவர்க்கு அடையாளம் தெரியுமா?

பத்தாண்டுகளாகப் பாட்டையும் உரையையும் பேணி வளர்த்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் அரங்கேற்றும் காதற் கவிதைகளுள் சிலவேனும் மறுத்தவர் பக்கத்திலிருந்து எழுதப்படுக. திருமதி பா போன்றோரைப் பாடுவனவாகவும் சில அமைக. இவ்வேண்டுகோளை அவையின் முன் வைத்து இவ்வுரை நிறைவுறுகிறது.